கண் கேமராவில், கால் எங்கே? ஆபத்தான இடங்களில் படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஏழெட்டுப் பேராகக் கிளம்பி, ஒரு வாரம் முட்டம் பாறை, மறு வாரம் கோதையாற்றுப் பக்கம் என்று படம் எடுத்துத் திரிவது எங்கள் வழக்கம். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். எங்கே நிற்கலாம், எப்போது திரும்பலாம் என்பதை அவர்கள் கேட்பதில்லை. அவர்கள் வீட்டார் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், வழியில் தேநீர்க் கடைகளில் எழுந்த சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

படம் எடுக்கப் போய் உண்மையிலேயே அவ்வளவு பேர் சாகிறார்களா? பத்திரிகைகள் பெரிதாக்குகின்றனவா?

பெரிதாக்கவில்லை. 2018இல் இந்திய மருத்துவர்கள் சிலர் உலகெங்கும் வந்த ஆங்கிலச் செய்திகளைத் தேடி எண்ணிப் பார்த்தார்கள். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை 137 சம்பவங்களில் 259 பேர் செல்ஃபி எடுக்கும்போது இறந்திருந்தார்கள். அதில் 159 பேர் இந்தியாவில். முதல் காரணம் நீரில் மூழ்குதல். அடுத்து ரயில் உள்ளிட்ட வண்டிகள். அதற்கடுத்து உயரத்திலிருந்து விழுதல். ஆங்கிலச் செய்தியில் வந்தவை மட்டுமே இந்தக் கணக்கில் உண்டு. தமிழ்ப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துபோனவை இதில் இல்லை. செல்ஃபி அல்லாமல் முறையாகக் கேமரா தூக்கிப் போய் விழுந்தவர்களும் இல்லை. "நீந்தும்போது தவறி" என்று எழுதப்பட்டவற்றில் எத்தனை படத்துக்காக இறங்கியவை என்று யார் எண்ணுவது?

ஒரே ஒரு விதிதான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

கண் கேமராவில் இருக்கும்போது கால் நகரக் கூடாது. கால் நகர வேண்டுமென்றால் கேமரா மார்புக்கு இறங்க வேண்டும். இவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2011இல் முட்டத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு வள்ளத்தின் மூக்கு நுழைந்து கெடுத்தது. அதை விலக்க இடப்பக்கம் அரையடி நகர்ந்தேன், கண்ணை எடுக்காமலே. கால் பாறை வெடிப்புக்குள் போனது. விழும்போது என் கை தரையை ஊன்றவில்லை. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. கேமராவுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு, தாடையில் நாலு தையல். அன்று இரவு முழுக்க நினைத்தது அந்தக் கையைப் பற்றித்தான். அது என்னிடம் கேட்காமலே முடிவெடுத்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செல்போனின் சாதாரண கேமரா அகலக் கோணம் கொண்டது. எதையும் அது சின்னதாக்கி, தள்ளி வைத்துக் காட்டும். முப்பதடியில் நிற்கும் யானை திரையில் அறுபதடியில் நிற்பதுபோலத் தெரியும். ஐந்தடியில் இருக்கும் அலை அழகாக எட்டி நிற்கும். "படத்தில் சின்னதாகத் தெரிகிறதே" என்று எல்லோரும் இரண்டடி முன்னால் வைப்பது இதனால்தான். செல்ஃபியில் இது தலைகீழ்: ஆபத்து முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பின்னால்தான் நகர்கிறோம்.

கடற்பாறையில் எங்கே நிற்கலாம்?

பாறையே சொல்லும். காய்ந்து வெளுத்திருக்கும் இடம் வரை அலை அண்மையில் வரவில்லை. ஈரமாக இருந்தால் வந்திருக்கிறது. கறுத்துப் பச்சையோடியிருந்தால் நாள்தோறும் வருகிறது. வெளுத்த பாறையில் நில்லுங்கள். அதிலும் ஈரக் கோட்டிலிருந்து நன்றாக ஏறி நில்லுங்கள்.

இறங்குவதற்கு முன் மேலே நின்று இருபது நிமிடம் கேமராவை வெளியே எடுக்காமல் கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு சின்ன அலை வந்தபின் மூன்று நான்கு பெரியவை சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் பார்த்தவருக்குக் கடல் சாது. இருபது நிமிடம் பார்த்தவருக்கு அந்தப் பெரிய கூட்டம் ஒருமுறையாவது தெரிந்திருக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. முழங்கால் உயரத்துக்கு வரும் அலையே ஆளைப் பெயர்த்துவிடும். உங்களைத் தூக்கிப் போக அது தலைக்கு மேல் எழ வேண்டிய அவசியமில்லை.

ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது, அதன் அட்டவணையைப் பார்த்தால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். குமரிக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீட்டருக்குக் குறைவு. இங்கே ஆளை எடுப்பது ஓதம் அல்ல, அலை. அட்டவணையைவிட நல்லது, பாறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் ஆளைப் பார்ப்பது. அவர் சாமானைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினால் நீங்களும் ஏறுங்கள். காரணத்தை மேலே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

கள்ளக்கடல் என்கிறார்களே, அது என்ன?

தென்கோடிக் கடற்கரையிலும் கேரளத்திலும் மீனவர்கள் சொல்லும் பெயர். திருடனைப்போலச் சொல்லாமல் வரும் கடல். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில், புயற்காற்று கடலைக் கிளப்பிவிடும். அந்த அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது, மணலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி அதிகமாக இருப்பதால் கடல் சோம்பலாகத் தெரியும். ஆனால் ஒவ்வோர் அலையிலும் தண்ணீர் அதிகம், கரையில் வெகுதூரம் ஏறும், அதே வேகத்தில் திரும்ப இழுக்கும். பெரும்பாலும் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அதாவது பள்ளி விடுமுறையில்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கத்திலுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது; செய்திகளிலும் வருகிறது. மழை வருமா என்று பார்த்துவிட்டுக் கிளம்பும் நாம், வெயில் அடிக்கும் நாளில் எதையும் பார்ப்பதில்லை. கடலுக்குப் போகும் நாளில் இதைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். எச்சரிக்கை இருந்தால் மேட்டில் நின்று, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் எடுங்கள். அன்றைக்கு அலை பெரிதாக இருக்கும். படமும் நன்றாகத்தான் வரும்.

அலை இழுத்துக்கொண்டு போய்விட்டால்?

பாறையிலிருந்து விழுந்தவர் செய்யும் முதல் தவறு, அதே பாறையைப் பிடிக்கப் போவது. அடுத்த அலை அவரைப் பாறைமேல் அறையும். பாறையை விட்டு விலகி, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்டிக் காத்திருப்பதே நல்லது. மணல் கரையில் நீரோட்டம் உள்ளே இழுத்தால் நேராகக் கரைக்கு நீந்த வேண்டாம், களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியேறி, பிறகு திரும்புங்கள்.

கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. சொல்வது எளிது, தம்பி தண்ணீரில் இருக்கும்போது நிற்பது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். அதனால்தான் மிதப்பது ஏதாவது முன்பே கையில் வேண்டும். மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன், அதன் காதில் இருபது மீட்டர் நைலான் கயிறு. எங்கள் வண்டியில் எப்போதும் கிடக்கும். எண்களையும் போனில் போட்டு வையுங்கள்: 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554.

அருவிக்குப் போகிறோம். மழையே இல்லை. பிறகென்ன பயம்?

அருவியில் மழை பெய்கிறதா என்பது கேள்வியே இல்லை. மேலே மலையில் பெய்கிறதா என்பதுதான் கேள்வி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அன்று எடுக்கப்பட்ட காட்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடுவதும், அவர்கள் நின்ற இடம் தெரியாமல் போவதும்.

காட்டாறு வருமுன் சில அடையாளங்கள் காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கி செம்மண் நிறமாகும். இலை, சருகு, சுள்ளி திடீரென்று கூட்டமாக மிதந்து வரும். ஓசை மாறும், சலசலப்புக்குக் கீழே ஒரு கனத்த முழக்கம் சேரும். இதில் ஒன்று கண்டாலும் முக்காலியை மடக்கிக்கொண்டிருக்காதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் போக்கில் கீழே ஓடுவது வெள்ளத்தோடு பந்தயம் வைப்பது.

கேமராவின் கதவைப் பல நொடிகள் திறந்தே வைக்கும் நீண்ட நேர எக்ஸ்போஷரில் அருவியைப் பால்போல எடுக்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நடு ஆற்றுப் பாறையில் முக்காலியை வைத்து, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் மாட்டி, முப்பது நொடி, அறுபது நொடி என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் இரண்டு அங்குலம் ஏறியதைக் கவனிக்கவே மாட்டீர்கள். கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதைப் பாருங்கள். கல் நனைந்திருந்தால் வேலை முடிந்தது.

பாசிப் பாறைக்கு எந்தச் செருப்பு நல்லது?

எதுவுமில்லை. பாசியில் எல்லாம் வழுக்கும், விலை அதிகமான ஷூவும்தான். பாசியை மிதிக்காத வழி இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் போகாதீர்கள். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆற்றில் முழங்கால் தண்ணீர்தானே, இறங்கி எடுக்கலாமா?

தாமிரபரணிக்காரர்கள் கசம் என்பார்கள். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆளை விழுங்கும் பள்ளம். மணல் அள்ளிய ஆறுகளில் புதுப் புதுக் குழிகள் உண்டு. போன வருடம் பத்திரமாக நடந்த இடம் இந்த வருடம் பத்திரமல்ல. கரையிலிருந்தே எடுங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் உள்ளூர் ஆளைக் கேட்டு, கையில் கம்பு வைத்து ஒவ்வோர் அடியையும் ஊன்றிப் பாருங்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட வேண்டும்.

யானை நின்றால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாமா?

காட்டுச் சாலையில் நிறுத்தக் கூடாது, இறங்கவே கூடாது. சட்டமும் அதுதான். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையோடு படம் எடுக்க இறங்கிய ஒருவரை அது துரத்திக் கீழே தள்ளியது. அவர் உயிர் பிழைத்தார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். செருப்புக் காலோடு, கழுத்தில் கேமரா ஆட, சரளைக் கல்லில் நீங்கள் எவ்வளவு வேகம் ஓடுவீர்கள் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது காதை. காதை விசிறிக்கொண்டே மேயும் யானை தன்பாட்டில் இருக்கிறது. விசிறல் நின்று, காது விரிந்தபடி அசையாமல் நின்றால் அது உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல படம் கிடைப்பதும் அந்தக் கணத்தில்தான், காதெல்லாம் விரிந்து முகம் நேராக. அதனால்தான் ஆட்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிறகு தலை உயரும், மண்ணை உதைக்கும், தும்பிக்கை உள்ளே சுருளும். அதற்குள் நீங்கள் போயிருக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வடிந்ததுபோல் கறை இருந்தால் மதம்; அந்தக் கொம்பனுக்கு எவ்வளவு தூரமும் போதாது. குட்டி சாலையின் ஒரு பக்கமும் தாய் மறு பக்கமும் இருந்தால் நடுவில் போகாதீர்கள். வண்டியை அணைக்காமல், ஒலி எழுப்பாமல், மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு யானையைவிடப் பெரிய தொல்லை, அண்ணாந்தபடியே நடப்பது. புதரில் கண்ணாடிவிரியன் உங்களுக்காக ஒதுங்காது. முதல் விதியை இங்கேயும் படித்துக்கொள்ளுங்கள்.

மலை விளிம்பில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

உங்கள் உயரம் அளவு. தடுக்கி விழுந்தாலும் தலை தரையில்தான் விழ வேண்டும், பள்ளத்தில் அல்ல. அதைவிட நெருங்க வேண்டுமென்றால் உட்கார்ந்து எடுங்கள், அல்லது படுத்து. கொடைக்கானல் டால்பின் மூக்குப் பாறையில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு எடுத்த படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றைப் பார்க்கிற யாரும் பாறையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் ஒன்றுமில்லை என்பதுதான் அதன் அழகே. மழைக்குப் பின் விளிம்பு மண் இளகியிருக்கும். மஞ்சு இறங்கினால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. வேலி இருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம். கம்பி படத்தில் விழுகிறது என்றால் லென்ஸைக் கம்பிகளுக்கு நடுவில் நுழையுங்கள், உடம்பை அல்ல.

தண்டவாளத்தில் எடுக்கலாமா? ரயில் வரும் சத்தம் கேட்குமே.

கேட்காது. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயில் ஒரு நொடிக்கு முப்பது மீட்டர் வரும். மின்சார எஞ்சின் டீசல் எஞ்சினைப்போல உறுமிக்கொண்டு வராது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே ரயில் வளைந்து வரும் படம் எல்லோருக்கும் வேண்டும். அங்கே ஆடி மாதக் காற்றில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. சாலையோர மேட்டிலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் காற்றாலைகள் ரயிலோடு நெருங்கிப் பெரிதாகத் தெரியும், படமும் அதுதான் நன்றாக இருக்கும்.

அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், நிற்கும் சரக்கு ரயிலின் மேல் ஏறாதீர்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். செல்ஃபி குச்சி நீட்டினால் அது உங்களுக்கு முன்பே நெருங்கிவிடும்.

மின்னலைப் படம் எடுக்க ஆசை. எப்படி?

வீட்டுக்குள்ளிருந்து, சன்னல் வழியாக. அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். திறந்த வயலில் ஒற்றைப் பனைக்கு அடியில் முக்காலி போடுவதைக் குமரி மாவட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். சட்டகம் அழகுதான்.

காட்டுக்குள் போக அனுமதி எதற்கு? படம்தானே எடுக்கப் போகிறோம்.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். காய்ந்த புல்மேட்டில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஏற முடியாது. அனுமதி என்றால் முத்திரை குத்திய தாள் மட்டுமல்ல. நீங்கள் எந்த வழியில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்பது கீழே ஒருவருக்குத் தெரியும், கூட ஒரு வழிகாட்டி வருவார். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் பதிவு தொடங்கியிருக்கிறது. தீக்காலத்தில் பாதைகளை மூடினால் சண்டை போடாதீர்கள். அனுமதி வாங்கினாலும், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கோதையாற்றுக்கு மேலே போன் வெறும் கடிகாரம்.

கூட வந்தவர் "அங்கே போய் நில், ஒரே ஒரு படம்" என்கிறார். எப்படி மறுப்பது?

இது கூச்சத்தின் கேள்வி. கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பெண் பட்டுப் புடவையில், பழக்கமில்லாத குதிகால் செருப்பில், வழுக்குப் பாறையில் நிற்கிறாள். பயம் முகத்தில் தெரிகிறது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படம் எடுக்கிறவர் அங்கே முதலில் தானே போய் நின்று பார்க்க வேண்டும், அதே செருப்போடு இல்லாவிட்டாலும். எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு உண்டு: யாராவது ஒருவர் "போதும்" என்றால் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும், ஏன் என்று அங்கே கேட்கக் கூடாது. இளையவர் சொன்னாலும் அதேதான். போன வருடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருமுறை சொன்னான். ஒருமுறை பசி என்பதற்காக. ஏறிவிட்டோம்.

ட்ரோன் விட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

நீங்கள் பத்திரம். ஆனால் சரணாலயங்களில் முன்அனுமதி இல்லாமல் விடக் கூடாது. அதோடு, திரையைப் பார்த்தபடி பின்னால் நடப்பதில் ட்ரோன்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

கேமரா தண்ணீரில் விழுந்துவிட்டால்?

விட்டுவிடுங்கள். கையை நீட்டாதீர்கள், காலை நீட்டாதீர்கள். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம்; அலை கேமராவை இழுத்தால் உங்களையும் சேர்த்து இழுக்கும். பாறைக்குப் போகும்முன் அதுவரை எடுத்த படங்கள் உள்ள மெமரி அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, காலி அட்டையோடு போங்கள். அப்போது போனால் பொருள் மட்டும்தான் போகும்.

என்னுடைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று 2016 முதல் முட்டத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவில் கிடக்கிறது. கடல் அடங்கிய நாளில், உச்சி வெயிலில், மேலே நின்று பார்த்தால் கொஞ்ச காலம் அதன் வளையம் மின்னியது தெரிந்தது. அங்கே தூண்டில் போடும் அண்ணன் ஒருவர் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது அதில் சிப்பி ஒட்டியிருக்கும்.